மல்லிகைச் செடி மஞ்சளானால் யூரியாதான் மருந்தா?



கொல்லிமலை என்றாலே மிளகு, காப்பி, அன்னாசி என்றுதான் பேச்சு. இன்று வாசலில் நிற்கும் குண்டுமல்லியைப் பற்றிப் பேசுவோம். பத்துச் செடி இருந்தால் வீட்டுக்குப் பூ. ஐம்பது செடி இருந்தால் சோளக்காட்டுச் சந்தையில் பெண்களின் கைக்குக் காசு. அந்தச் செடி வெளுத்துப்போனால் மொட்டு சிறுக்கும், பூவும் குறையும்.

"இலை மஞ்சளாச்சா? ஒரு பிடி யூரியா போடுங்க" என்பார்கள். மஞ்சள் என்பது காய்ச்சல் மாதிரி. காரணம் தெரியாமல் மருந்து கொடுக்கலாமா? முதலில் எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள்.

வீட்டில் பஞ்சம் வந்தால் பெரியவர்கள் தங்கள் சோற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள் அல்லவா? தழைச்சத்தும் மக்னீசியமும் அப்படித்தான். முதிர்ந்த இலையிலிருந்து குருத்துக்குப் போய்விடும். அதனால் இவை குறைந்தால் கீழிலைதான் முதலில் மஞ்சளாகும். இலை முழுவதும் ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறை. தொழு உரமும், அளவாக யூரியாவும் போதும். நரம்பு பச்சையாக இருந்து, இடைப்பகுதி மட்டும் வெளுத்தால் மக்னீசியக் குறை. மழை அதிகமுள்ள மலையின் புளிப்பு மண்ணில் இது வரக்கூடியதே. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் மக்னீசியம் சல்பேட் கரைத்துத் தெளியுங்கள்.

இரும்புச் சத்து அப்படி நகராது. அது குறைந்தால் குருத்திலைதான் வெளுக்கும்; நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும். புளிப்பு மண்ணில் இரும்புக்குப் பஞ்சம் இல்லையே, பின் ஏன் வருகிறது? அடுப்புச் சாம்பலைத் தினமும் செடியின் தூரில் கொட்டுகிறோம். வெள்ளையடித்த மிச்சச் சுண்ணாம்பும், சுவரின் சிமெண்டுக் காரையும் அங்கேயே விழுகின்றன. இவை காரத்தன்மை உள்ளவை. மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாமல் செய்துவிடும். அடிவாரத்தில் சுண்ணாம்புக் கல் கலந்த நிலத்திலும் இதே கதைதான். சாம்பலையும் காரையையும் அகற்றிவிட்டு, லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து, மாதம் ஒரு முறை, பச்சை திரும்பும் வரை மாலை வேளையில் தெளியுங்கள்.

செடி முழுவதும் மஞ்சளாகி வாடுகிறதா? தூரில் கொஞ்சம் தோண்டி வேரைப் பாருங்கள். வேர் கறுத்து அழுகியிருந்தால் தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம். இந்த நிலையில் யூரியா போட்டால் செடிக்கு இன்னும் கேடுதான். வடிகால் வெட்டுவதே வைத்தியம். வேரில் சிறு முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. வேப்பம் பிண்ணாக்கு இடுங்கள்; செடிகளுக்கு நடுவே செண்டுமல்லி நடுங்கள்.

இலையைத் திருப்பியும் பாருங்கள். மேலே ஊசி குத்தினாற்போல் வெளிர்புள்ளி, அடியில் மெல்லிய நூலாம்படை இருந்தால் செஞ்சிலந்தி. நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் போதும். கடும் வெயிலில் தெளிக்க வேண்டாம்.

குளிர்காலத்தில் அடியில் நாலைந்து முதிர்ந்த இலை பழுத்து உதிர்வது இயற்கை. அதற்குப் பயப்பட வேண்டாம்.

சந்தேகம் தீரவில்லையானால், நாலைந்து இடத்து மண்ணைக் கலந்து அரைக் கிலோ எடுத்து, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேளுங்கள். மஞ்சளான இலையையும் கூடவே கொண்டு போங்கள்.

முதலில் இலை, அடுத்து வேர், கடைசியில்தான் உரக்கடை. இந்த வரிசையை மறக்காதீர்கள்.