கை உதறினா சேட்டையா? டிக் நோயோட 200 வருஷக் கதை

பிரான்ஸ்ல ஒரு பிரபு வீட்டுப் பொண்ணு. வயசு 7. எழுத உட்கார்ந்தா போதும், கை வெட்டி இழுக்கும், எழுத்து கோணிக்கும். கொஞ்ச நேரம் கை அடங்கி ஒழுங்கா எழுதுவா. மறுபடியும் ஒரு உதறல். வீட்ல சேட்டைன்னு நினைச்சுத் திட்டினாங்க, தண்டிச்சாங்க. உதறல் கூடுச்சே தவிர குறையல.

அவங்கதான் பின்னாடி டாம்பியர் சீமாட்டி. பெரியவங்க ஆனப்புறம், நாலு பேர் நடுவுல பேசிட்டு இருக்கும்போதே அவங்களை மீறிக் கத்தலும் கெட்ட வார்த்தையும் வந்துரும். 1825ல ழான் இட்டார்ங்கிற டாக்டர் இதைப் பதிவு பண்ணினார்.

அறுபது வருஷம் கழிச்சு, 1885. பாரிஸ் சால்பெட்ரியேர் மருத்துவமனையில ஜில் த லா டூரெட்ங்கிற இளம் டாக்டர் 9 பேரைப் பத்திக் கட்டுரை எழுதினார். அதுல சீமாட்டி கதையும் உண்டு. அவரோட குரு ஷார்கோ, இந்த நோய்க்குச் சிஷ்யன் பேரையே வெச்சுட்டார்.

அப்புறம் உளப்பகுப்பாய்வு காலம். மனசுல அமுக்கி வெச்ச ஆசைதான் இப்படி வெளிய வருதுன்னு ரொம்ப நாள் நம்பினாங்க. 1960கள்ல ஹாலோபெரிடால் மாத்திரைக்கு இந்த உதறலும் கத்தலும், அதாவது டிக், அடங்குச்சு. நியூயார்க் டாக்டர் ஆர்தர் ஷாப்பிரோவும் அவர் மனைவி எலைனும் 1968ல அதை எழுதினாங்க. கோளாறு மூளையிலன்னு பார்வை திரும்புச்சு.

இன்னிக்கு டாக்டர்கள் முக்கியமா கேக்கறது ரெண்டு கேள்வி: என்ன மாதிரி டிக்? எத்தனை நாளா? கண் சிமிட்டறது, தோளைக் குலுக்கறது அசைவு டிக். தொண்டையைச் செருமறது, மூக்கை உறிஞ்சறது ஒலி டிக். ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆகலைன்னா தற்காலிக டிக். வருஷம் தாண்டியும் அசைவு மட்டும், இல்ல ஒலி மட்டும் இருந்தா நாள்பட்ட டிக். ஒண்ணுக்கு மேல அசைவும், ஒரு ஒலியாவதும் சேர்ந்து, வருஷமும் தாண்டினா டூரெட். மூணுமே 18 வயசுக்கு முன்னாடி தொடங்குறது.

டூரெட்னாலே கெட்ட வார்த்தைன்னு நினைக்காதீங்க. பத்துல ஒருத்தர், ரெண்டு பேருக்குத்தான் அது வரும்.

தும்மல் முட்டும்போது எப்படி இருக்கும்? டிக் வர்றதுக்கு முன்னாடி பலருக்கும் அப்படித்தான் இருக்கும். கொஞ்ச நேரம் அடக்கலாம், முழுசா முடியாது. அந்த முட்டலைக் கவனிச்சு, டிக்குக்கு எதிரான ஒரு அசைவைச் செய்யப் பழக்கற பயிற்சி இன்னிக்கு இருக்கு.

பெரும்பாலும் 10லிருந்து 12 வயசுக்குள்ள டிக் உச்சத்துக்குப் போகும். வளர வளர நிறைய பேருக்குத் தானாவே குறையும். அதனால உங்க வீட்டுக் குழந்தை கண்ணைச் சிமிட்டிக்கிட்டே இருந்தா, "சும்மா இருடா"ன்னு அதட்டாதீங்க. எப்போ ஆரம்பிச்சதுன்னு காலண்டர்ல குறிச்சு வெச்சு, குழந்தைகள் டாக்டர்கிட்ட காட்டுங்க. அவர் கேக்கப்போற ரெண்டு கேள்வில ஒண்ணுக்கு அந்தத் தேதிதான் பதில்.