சிவப்பு அட்டையும் நீல அட்டையும்: குடியேறியோர் கண்ணில் ஆட்சியின் நியாயம்

(மலேசியாவின் கெடா மாநிலத்துச் செர்டாங்கில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கெடாவில் தமிழ் மேடை ஏறுகிறவர்கள் ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பிலிருந்து பேச்சைத் தொடங்குவது வழக்கம். என்னை மன்னிக்க வேண்டும். சோழனின் கப்பலில் நம் கொள்ளுத்தாத்தா வரவில்லை. அவர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்குக்குப் பக்கத்து ஜெரஜாக் தீவில் தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் கிடந்து, கங்காணி பின்னால் தோட்டத்துக்கு வந்தவர். இன்றைய பேச்சு அவரைப் பற்றியது. வந்து சேர்ந்த நாட்டின் ஆட்சி நமக்கு நியாயம் செய்கிறது என்று அவர் நினைத்தாரா? அவருடைய பிள்ளைகள் நினைத்தார்களா?

ஐரோப்பாவில் இதை ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2010-ல் ரஹ்சான் மேக்ஸ்வெல், 2012-ல் ஆன்ட்யே ரோடரும் பீட்டர் மூலாவும் எழுதிய கட்டுரைகள் ஒரே திசையைக் காட்டுகின்றன. புதிதாகக் குடியேறியவர்கள் வந்து சேர்ந்த நாட்டின் நாடாளுமன்றத்தையும் நீதிமன்றத்தையும் பெரிதும் நம்புகிறார்கள். சில நேரம் மண்ணின் மக்களைவிடவும் கூடுதலாக. அங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளிடம் அந்த நம்பிக்கை குறைந்துவிடுகிறது. தகப்பன் விட்டுவந்த ஊரோடு ஒப்பிடுகிறான், மகன் பக்கத்து வீட்டுக்காரனோடு ஒப்பிடுகிறான். இதைப் படித்தபோது எனக்கு வியப்பே இல்லை. நம் தோட்டக் குடியிருப்புகளான லயங்களில் நூறு வருடமாகப் பார்த்த கதைதான்.

தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு பக்கத்திலிருந்து வந்த முதல் தலைமுறைக்கு மனத்திலிருந்த அளவுகோல் மிராசுதார் வீட்டுக் களம். அங்கே கூலி நெல்லாகக் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். இங்கே தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை மாதம் பிறந்தால் காசாகக் கொடுத்தார். அடி இருந்தது, மலேரியா இருந்தது. ஆனாலும் ஊரில் குடும்பமே பஞ்சத்தில் வதங்கியதைப் பார்த்தவருக்கு இது தாங்கக்கூடியதாகத் தெரிந்தது. 'துரை நல்லவர்' என்று பாட்டிமார் சொன்னதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது துரைக்குக் கொடுத்த நற்சான்று அல்ல, விட்டுவந்த ஊரின் மேல் சொன்ன குற்றச்சாட்டு. மக்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்பதாலேயே ஆட்சி நியாயமானது என்று முடிவுகட்டும் எந்த அரசும் தன்னை ஏமாற்றிக்கொள்கிறது.

அந்த அளவுகோல் 1947-க்குள் உடைந்தது. ஜப்பானியர் காலத்தில் கெடாத் தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சயாம்-பர்மா ரயில் பாதை போடும் வேலைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். மறுபக்கம் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த இளைஞர்கள் நிமிர்ந்து நடக்கப் பழகினார்கள். போர் முடிந்து பழைய துரைமார் திரும்பி வந்தபோது பழைய பணிவு திரும்பி வரவில்லை. ஏ.எம். சாமி தலைமையில் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படை எழுந்தது. அவர்கள் கேட்டது வாக்குரிமை அல்ல. கள்ளுக்கடையை மூடு என்றார்கள், மரியாதையாக நடத்து என்றார்கள். கள்ளுக்கு உரிமம் தந்தது அரசு என்பதால் கள்ளுக்கடை மறியல் தானாகவே அரசியலாயிற்று. 1947-ல் பீடோங்கில் போலீசாரோடு மோதல் நடந்து ஒரு தொழிலாளி இறந்தார். ஏப்ரலில் கூலிம் வட்டாரத்து டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் இன்னொருவர் இறந்தார். நம்மவர் வாயில்லாப் பூச்சிகளாகக் கிடந்தார்கள் என்று எழுதுகிறவர்கள் இந்த ஆண்டை மட்டும் தாண்டிப்போய்விடுகிறார்கள்.

அடுத்த கட்டத்தில் நியாயம் என்பது ஓர் அடையாள அட்டைக்குள் புகுந்துகொண்டது. 1955 தேர்தலில் வாக்காளர்களில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர்கள். தோட்டத்துத் தமிழருக்குப் பெரும்பாலும் ஓட்டே இல்லை. 1957-ல் சுதந்திரம் வந்தது, குடியுரிமைக்கு மனுச் செய்ய வழி திறந்தது, மொழித் தேர்வில் ஓராண்டுச் சலுகையும் இருந்தது. ஆனால் பதிவு அலுவலகம் டவுனில். போனால் ஒருநாள் கூலி போயிற்று. பால்மரம் வெட்ட எதற்கு சூராட் (பத்திரம்) என்று கேட்டவர்களும் உண்டு, நாலு காசு சேர்ந்ததும் ஊருக்குப் போய்விடலாம் என்றிருந்தவர்களும் உண்டு. விலை 1969-ல் தெரிந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்ததும் சுமார் 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். மே மாத இனக் கலவரம் நடந்த ஆண்டும் அதுவே என்பதால், வரலாற்று நூல்களில் இந்தப் பயணம் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிட்டது.

இதற்கு நடுவே ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில், மலேசிய இந்தியக் காங்கிரசின் (ம.இ.கா.) தலைவராயிருந்த துன் சம்பந்தன் 1960-ல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம். அரசாங்கத்திடம் மனுக் கொடுத்தே பழகியவர்கள் தங்கள் சந்தாப் பணத்தில் மண்ணுக்குச் சொந்தக்காரர்களானார்கள்.

தங்கிவிட்டவர்களில் குடிமக்களுக்கான நீல ஐசி (அடையாள அட்டை) கிடைத்தவர்களுக்கு நாடு ஒருமாதிரி, நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசியோடு நின்றவர்களுக்கு வேறுமாதிரி. சிவப்பு ஐசிக்கு ஓட்டு இல்லை, அரசு வேலை இல்லை, மலிவு வீட்டுக்கு மனுப் போட முடியாது. எழுபது வயதில் மலாய் மொழித் தேர்வுக்கு உட்காரச் சொன்னால் மரம் வெட்டிக் காய்த்த கை என்ன செய்யும்? 2018-ல் அறுபது வயது தாண்டிய மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களுக்குத் தேர்விலிருந்து விலக்கு அளித்துக் குடியுரிமை தர அரசு முன்வந்தது. நல்லதுதான். அதற்குள் எத்தனை பேர் சிவப்பு அட்டையோடே சுடுகாடு போய்ச் சேர்ந்தார்கள்!

பேரப்பிள்ளைகளின் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. 1962-க்குப் பிறகு, இங்கே பிறந்தால் மட்டும் போதாது. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றானது. 1982 மார்ச் முதல் திருமணத்தைச் சட்டப்படி பதிய வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டால், சட்டத்தின் கண்ணில் பிள்ளை தாயை மட்டுமே சேர்ந்தது. தகப்பனிடம் நீல ஐசி இருந்தும், தாயிடம் பத்திரம் இல்லாததால் நாடற்றுப் போன பிள்ளைகள் உண்டு. 2024 அக்டோபரில் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தியபோது, வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு நெடுநாள் மறுத்த உரிமையைக் கொடுத்தது. அதே திருத்தத்தில், நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குத் தானாகக் கிடைத்த குடியுரிமையை எடுத்துவிட்டது. முதல் பாதிக்குக் கைதட்டிய நம் தலைவர்களில் பலர் இரண்டாம் பாதியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஓட்டு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு எட்டின தூரத்திலேயே சாட்சி இருக்கிறது. 2000 நவம்பரில் நடந்த கெடாவின் லூனாஸ் சட்டமன்ற இடைத்தேர்தலில் அப்போது ஆண்ட தேசிய முன்னணியின் ம.இ.கா. வேட்பாளர் தோற்றார். வித்தியாசம் 530 ஓட்டு. இரண்டு தோட்டத்து லயங்கள் சேர்ந்தாலே முடிவு மாறிவிடும் கணக்கு அது. 2007 நவம்பர் 25-ல் கோலாலம்பூர் தெருவில், இந்தியர் உரிமை கேட்ட இண்ட்ராப் பேரணிக்குத் திரண்டவர்களும், அடுத்த மார்ச்சில் கெடா ஆட்சியையே மாற்றியவர்களில் இருந்த நம்மவர்களும் பெரும்பாலும் இங்கேயே பிறந்தவர்கள். விட்டுவந்த ஊர் அவர்களுக்குத் தெரியாது. பக்கத்து வீடு தெரியும். ஆனாலும் ஓட்டுச் சீட்டுக்கு ஓர் எல்லை இருக்கிறது. தொகுதிகளுக்கிடையே வாக்காளர் எண்ணிக்கை எவ்வளவு வேறுபடலாம் என்று அரசியல் சட்டத்தில் இருந்த வரம்பை 1973-ல் நீக்கிவிட்டார்கள். தோட்டம் மூடியதும் நம்மவர்கள் பல வீடமைப்புத் தாமான்களுக்குச் சிதறினார்கள். இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி இன்று ஒன்றுகூட இல்லை. 2021-ல் கெடாவில் தைப்பூச விடுமுறை ரத்தானபோது நமக்கு வந்த கோபத்தின் அளவுக்கு நம் ஓட்டின் கனம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

இப்போது கூலிம் தொழிற்சாலைகளிலும் நம் பழைய தோட்டங்களிலும் நேபாளிகள், வங்காளதேசிகள், இந்தோனேசியர்கள் வேலை செய்கிறார்கள். கேட்டால், இங்கே பரவாயில்லை என்பார்கள். நம் தாத்தாவும் அதைத்தான் சொன்னார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவர்களுக்கு நியாயம் நடக்கிறது என்று நாமாவது நினைக்காமல் இருப்போம்.

உங்களிடம் கேட்பது சின்னக் காரியங்கள். பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் பதியுங்கள். திருமணத்தைக் கோயிலோடு நிறுத்தாமல் பதிவு இலாகாவிலும் பதியுங்கள். உங்கள் தாமானில் சிவப்பு ஐசி வைத்திருக்கும் பெரியவர் யாராவது இருந்தால், மனுவைப் பூர்த்தி செய்துகொடுத்து தேசியப் பதிவு இலாகா (ஜே.பி.என்.) அலுவலகத்துக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், 2024 திருத்தத்தின்போது அவர் எந்தப் பக்கம் நின்றார் என்று கேளுங்கள்.