காலில் பெடல், கையில் டார்ச்

(திருக்கோஷ்டியூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எவர்சில்வர் வெல்டிங் பட்டறை வைக்க நம் குழுக்களில் கடன் கேட்டிருக்கிறார்கள். "பொம்பளைகளுக்கு இது எதுக்கு?" என்ற கேள்விக்கு இன்று பதில் சொல்லப் போவதில்லை. 1990களின் தொடக்கத்தில் பக்கத்துப் புதுக்கோட்டையில், அறிவொளி இயக்கத்தில் பெண்கள் சைக்கிள் பழகியபோதும் இப்படித்தான் கேட்டார்கள். எந்த மெஷினுக்குக் கடன் கொடுப்பது என்பதுதான் நம் பேச்சு.

ஓட்டல் மேசை, சிங்க் எல்லாம் பெரும்பாலும் 1 மில்லி, 1.2 மில்லி தகடுதான். எவர்சில்வர் சூட்டைச் சீக்கிரம் கடத்தாது. பற்றவைத்த இடத்திலேயே சூடு தங்கிவிடும். இரும்பைவிட அதிகமாக விரியவும் செய்யும். அதனால் தகடு நெளியும், ஓட்டை விழும். ஓட்டை விழுந்தால் தகட்டுக் காசு நம் கையை விட்டுப் போகும், ஆனால் கடன் தவணை நிற்காது.

இதற்குத்தான் டிக் வெல்டிங். டங்ஸ்டன் ஊசி முனையில் பொறி எரியும். அதைச் சுற்றி ஆர்கான் வாயு காற்றை அண்டவிடாமல் காக்கும். ஒரு கையில் டார்ச், மறு கையில் ஃபில்லர் கம்பி. கரண்டை யார் கூட்டிக் குறைப்பது? கால்தான்.

மெஷினில் 60 ஆம்ப்ஸ் வைத்தால் அதுதான் உச்சம். பெடலை மிதிக்க மிதிக்கக் கரண்ட் அதை நோக்கி ஏறும். தொடங்கும்போது கொஞ்சம் அழுத்தி, தகடு உருகியதும் தளர்த்த வேண்டும். ஓரத்துக்கு வரும்போது இன்னும் தளர்த்த வேண்டும். முடிக்கும்போது சட்டென்று காலை எடுத்தால் கடைசியில் குழி விழுந்து விரிசல் விடும். மெள்ள மெள்ள விட வேண்டும். பொறி அணைந்த பிறகும் வாயு நிற்கும் வரை டார்ச்சை நகர்த்தக் கூடாது. மோட்டார் தையல் மெஷினில் வளைவு வரும்போது காலைத் தளர்த்தித் தைத்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கால் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது!

அடுத்தது பல்ஸ். நாடித் துடிப்பு மாதிரி கரண்ட் ஏறி இறங்கும். மேல் கரண்ட் 60, கீழ் கரண்ட் 20, ஒவ்வொரு துடிப்பிலும் 40 சதவீத நேரம் மேலே என்று வைத்தால் சராசரி 36 ஆம்ப்ஸ்தான். மேலே போகும்போது உருகும், கீழே வரும்போது கொஞ்சம் ஆறும். நொடிக்கு ஒரு துடிப்பு வைத்தால், ஏறும்போதெல்லாம் கம்பியைத் தொட்டு எடுக்கலாம். காசு அடுக்கியது போல வரி விழும். இந்தக் கணக்கு எல்லாத் தகட்டுக்கும் பொருந்தாது; துண்டுத் தகட்டில் பார்த்த பிறகே வேலையில் கை வைக்க வேண்டும்.

முதல் நாளே இரண்டையும் சேர்த்துப் பழகாதீர்கள். பல்ஸை அணைத்துவிட்டுக் காலுக்கு மட்டும் பழக்கம் கொடுங்கள். மெஷினே துடிக்கும்போது, கால் செய்தது எது, மெஷின் செய்தது எது என்று தெரியாது. ஏணியில் நின்று செய்யும் வேலைக்குப் பெடல் உதவாது. அங்கே டார்ச் சுவிட்சும், முடிவில் கரண்டைத் தானாக இறக்கும் அமைப்பும் வேண்டும்.

நாங்கள் பார்த்த ஒரு பயிற்சியில் பெண்களைக் கிரைண்டிங், பாலீஷுக்கு மட்டும் விட்டார்கள். செட்டிங் கேட்டால் "அது தொழில் ரகசியம்மா" என்றார்கள். பதினெட்டு முறை நடையாய் நடந்து நம்பியிடம் பெற்ற உபதேசத்தை ராமானுஜர் கோபுரம் ஏறி ஊருக்கே சொன்னதாகச் சொல்லப்படுகிற ஊர் இது! இங்கே நாலு நம்பரையா மறைப்பது? டார்ச்சைக் கையில் தராத பயிற்சிக்குக் குழுப் பணம் கட்ட வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

நைலான் சேலை கூடவே கூடாது. தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கைநீளப் பருத்திச் சட்டை, தோல் கையுறை, முகக் கவசம் வேண்டும். வெறுங்கண்ணால் பார்த்தால் ராத்திரி கண்ணில் மணல் கொட்டினாற்போல உறுத்தும். ஆர்கானுக்கு வாசனை இல்லை, காற்றைவிடக் கனம்; மூடிய அறையில் தேங்கி மூச்சை முட்டும். கதவு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். தோரியம் கலந்த டங்ஸ்டன் ஊசி வாங்காதீர்கள். சாணை பிடிக்கும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. லாந்தனம் கலந்தது கிடைக்கிறது.

பெடலைப் பல கடைகளில் தனி விலைக்கு விற்கிறார்கள். எல்லாப் பெடலும் எல்லா மெஷினுக்கும் சேராது. அடுத்த கூட்டத்துக்கு விலைப்புள்ளி கொண்டு வரும்போது, பல்ஸ் உண்டா, எந்தப் பெடல் பொருந்தும், அதன் விலை என்ன என்பதைக் கடைக்காரரிடம் எழுத்தில் வாங்கி வாருங்கள். அதைப் பார்த்த பிறகே தீர்மானம் எழுதலாம்.