நாயனமும் நண்பனும்



இளமை நினைவுகளைப் பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் பணித்தபோது, எனக்குக் கற்பித்த ஆசிரியர்களைப் பற்றிப் பேசலாம் என்றே முதலில் எண்ணினேன். தலைமையாசிரியனாயிருந்து ஓய்வு பெற்றவன் வேறு எதைப் பேசுவான் என்று நீங்களும் எதிர்பார்த்திருப்பீர்கள். ஆனால் குறிப்பெழுத அமர்ந்தபொழுது, எழுதுகோல் நாயன ஓசை வந்த திசையிலேயே சென்றது. ஆதலின் அதையே பேசிவிடுகிறேன். என் பெருமை என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை; என் சிறுமை ஒன்று உண்டு.

நாகசுரம் என்றும் நாதசுரம் என்றும் அறிஞர்கள் வழக்கிட்டுக்கொண்டிருக்கட்டும். எங்கள் ஊரில் அதற்கு நாயனம் என்றே பெயர். கும்பகோணத்திலிருந்து, அந்நாளில் மாயவரம் எனப்பட்ட மயிலாடுதுறைக்குச் செல்லும் சாலையில் அமைந்த சிற்றூர் அது. நாயனம் செய்வதற்குப் பேர்பெற்ற நரசிங்கம்பேட்டைக்கு அங்கிருந்து நடந்தே போய்வரலாம். தி. ந. இராசரத்தினம் பிள்ளை கையாண்ட நீண்ட 'பாரி' நாயனத்தைச் செய்து கொடுத்தவர் அவ்வூர் ரங்கநாதன் ஆசாரியே. அதற்கு முன்னர் வழங்கிய 'திமிரி' நீளத்திற் குறைந்தது, சுருதியில் உயர்ந்தது.

நாயனத்தின் உடல் ஆச்சா மரம். ஆனால் புதிதாய் வெட்டிய மரம் அதற்கு உதவாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரங்களையும் தூண்களையுமே ஆசாரிகள் தேடிச் செல்வர். பல்லாண்டுகள் கூரையைத் தாங்கி ஈரமெல்லாம் வற்றிய மரத்திலேதான் நாதம் பிறக்கும் என்பர். 2022-ஆம் ஆண்டில் நரசிங்கம்பேட்டை நாதசுரத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை நீங்கள் செய்தித்தாள்களில் படித்திருக்கலாம். மரத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு; அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

என் தந்தையார் அரிசி ஆலையொன்றிற் கணக்கர். பாடத் தெரியாதவர், கேட்கத் தெரிந்தவர். எங்கள் ஊர்க் கோயிலின் நாயனக்காரர் மகன் என் வகுப்புத் தோழன். அவன் பெயரை இங்கே கூறப்போவதில்லை; கூறினால் அவனே என்னைக் கடிந்துகொள்வான். அவன் தந்தையாரைப் பெரியவர் என்றே குறிக்கிறேன். 'தில்லானா மோகனாம்பாள்' படம் 1968-இல் வெளிவந்து, சில மாதங்கள் கழித்து எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்கு வந்தது. நாங்கள் மணல்மேட்டிலிருந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரியவரோ கொட்டகைக்கு வெளியே வேலியருகில் நின்று, கண்களை மூடி, மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பை மட்டும் கேட்டார். உள்ளே வருமாறு அழைத்ததற்கு, "படம் காதை மறைக்கும், தம்பி" என்றார்.

மார்கழிக் குளிரில் நாலரை மணிக்கே என் நண்பன் காவிரிப் படித்துறையில் சாதகம் தொடங்கிவிடுவான். நானும் அரிக்கேன் விளக்கையும் வரலாற்றுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அங்கே செல்வேன். படித்தது சிறிது, அவனுக்குத் தாளம் போட்டதே மிகுதி. ஒரே வரிசையை மூன்று காலங்களில், இருபது முறை, முப்பது முறை வாசிப்பான். உதடு வெடித்துக் குருதி கசியும். துண்டால் ஒற்றிக்கொண்டு மறுபடியும் சீவாளியைச் செருகுவான். கைம்மாறாக நான் அவனுக்கு வடிவகணிதம் சொல்லிக் கொடுத்தேன். அவன் எனக்குக் கொடுத்தது நன்றாக நிலைத்தது. நான் அவனுக்குக் கொடுத்தது நிலைக்கவில்லை. திருவிழாவிற்கு மறுநாள் வகுப்பில் உறங்கியமைக்காக அவன் பெஞ்சியின்மேல் நின்ற நாட்கள் பல. விடியும் வரை ஊருக்காக விழித்திருந்தவன் அவன் என்பது நிறுத்தியவருக்கும் தெரியும். பத்தாம் வகுப்போடு அவன் பள்ளியை விட்டான்.

அக்காலத்துச் சுவாமி புறப்பாட்டை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள். இரவு பத்து மணிக்குக் கோயில் வாயிலில் மல்லாரி ஒலிக்கும். சொற்களே இல்லாத உருப்படி அது; கம்பீர நாட்டையில் அதைக் கேட்டதும் தெருவிலுள்ள குழந்தைகளெல்லாம் எழுந்து உட்காரும். கீழவீதி கடந்து தெற்கு வீதி திரும்பினால் தோடியோ காம்போதியோ தொடங்கும். அந்த ஆலாபனைக்கு மணிக்கணக்கே கிடையாது. சுவாமி நின்ற இடத்திலேயே நிற்பார். சீர்பாதம் தாங்குவோர் தோள் மாற்றிக்கொள்வர். பெட்ரோமாக்ஸ் விளக்குகளைச் சுற்றிப் பூச்சிகள் பறக்கும். ஒத்து ஊதுபவர் கன்னங்களில் காற்றை அடக்கி, மூச்சு அறுபடாமல் ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருப்பார். அவரைப் பார்க்க எனக்கு எப்போதும் இரக்கமாயிருக்கும். பிறகு பல்லவி, அதன்பின் விரற்கூடும் கழியுமாகத் தவிலின் தனி. வடக்கு வீதி வருகையில் கிழக்கு வெளுக்கும், பூபாளம் எழும். தந்தையார் எங்கள் வீட்டுத் திண்ணைத் தூணில் தலையைச் சாய்த்தவாறே அத்தனையையும் கேட்பார். காலையில் ஆலைக்குச் சென்று ஒரு பைசாவும் பிசகாமல் கணக்கெழுதுவார்.

நான் 1976-இல் ஆசிரியர் பயிற்சிக்குச் சென்றேன். இரண்டாண்டில் இடைநிலை ஆசிரியனாகத் திரும்பினேன். நகரத்து விடுதியில் தங்கியவனுக்கு ஊரில் யாவும் சற்றுச் சிறியனவாகத் தோன்றும் பருவம் ஒன்று உண்டல்லவா? அப்பருவத்திலே, 1978 ஆவணியில், என் தமக்கையாரின் திருமணம் நடந்தது. தந்தையார் பெரியவருக்கு முன்னரே வெற்றிலை பாக்கு வைத்து, மேளத்திற்கு 350 ரூபாய் பேசியிருந்தார். மாப்பிள்ளை வீட்டாரோ ஊர்வலத்திற்குப் பேண்டு வாத்தியம் வேண்டுமென்றனர். தந்தையார் தயங்கினார். "காலத்திற்கு ஏற்ப நடக்கவேண்டாமா?" என்று வாதாடிப் பேண்டை ஏற்பாடு செய்தவன் நான். முகூர்த்தத்திற்கு மட்டும் நாயனம் என்றாயிற்று.

முகூர்த்தத்திலே தந்தையும் மகனும் அருமையாக வாசித்தனர். அதைக் கேட்க எனக்கு நேரமில்லை. செலவுக் கணக்கு என் கையில் இருந்தது. விருந்தெல்லாம் முடிந்து கடைசிப் பந்தியில் மேளக்காரர்கள் அமர்ந்தார்கள். என் நண்பன் தன் பக்கத்தில் ஓர் இலையைப் போட்டு வைத்து, என்னைப் பார்த்துத் தலையசைத்தான். பேண்டுக்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நான் போய்விட்டேன். அப்பணத்தை அரைமணி கழித்துக் கொடுத்திருந்தாலும் வானம் இடிந்து விழுந்திராது.

மாலையில் மேளக் கணக்கைத் தீர்த்தேன். ஊர்வலத்திற்கு வாசிக்கவில்லையாதலின் 75 ரூபாய் கழித்துக்கொண்டு 275 ரூபாயை நண்பன் கையில் வைத்தேன். அவன் எண்ணிப் பாராமலே தந்தையிடம் நீட்டினான். பெரியவர் எண்ணினார். அவர் முகம் சிறிதும் வேறுபடவில்லை. "கணக்குச் சரிதான், தம்பி. ஊர்வலத்துக்கு நாங்கள் வாசிக்கவில்லையே" என்றார். அச்சொற்களில் குத்தலில்லை. குத்தல் இருந்திருந்தால் பதிலுக்கு எதையேனும் சொல்லி நானும் மறந்திருப்பேன்.

எனக்கு வடமாவட்டமொன்றில் வேலை கிடைத்தது. பெரியவர் 1980-இல் காலமானார்; செய்தி எனக்கு எட்டியபோது காரியங்கள் முடிந்திருந்தன. நண்பனுக்குத் திருநெல்வேலிப் பக்கத்துக் கோயிலொன்றில் ஊழியம் அமைந்தது. சண்டையிட்டுப் பிரிந்தவர்களல்லர் நாங்கள். சண்டை வந்திருந்தால் யாராவது சமாதானம் செய்திருப்பார்கள்.

எங்கள் வீட்டில் பழைய வால்வு வானொலிப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்கு ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்தி, அச்சீட்டைத் தந்தையார் பத்திரப்படுத்துவார். 1939-இல் தொடங்கிய திருச்சி நிலையத்தின் காலை மங்கல இசையைக் கேளாமல் அவருக்குப் பொழுது விடியாது. 1985-இல் ஒரு விடுமுறையின்போது நானும் உடனிருந்தேன். அறிவிப்பாளர் நாயனக்காரரின் பெயரைச் சொன்னார். அது என் நண்பன் பெயர். தந்தையார் ஒன்றும் பேசவில்லை. தூணிலிருந்து தலையை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். வாசிப்பு முடிந்ததும், "அவனுக்கு ஒரு கடிதம் எழுது" என்றார். எழுதுகிறேன் என்றேன்.

அடுத்த விடுமுறையில், "எழுதினாயா?" என்று கேட்டார். அதற்கடுத்ததிலும் கேட்டார். மாணவர்க்கு நட்புக் கடிதம் எழுதும் முறையை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். இடப்பக்கம் விளிப்பு, வலப்பக்கம் இடமும் நாளும். என் கடிதத்தில் விளிப்புக்கு மேல் ஒரு வரியும் நகரவில்லை. எதை எழுதினாலும் 75 ரூபாய் நடுவில் வந்து நின்றது. 1991-இல் தந்தையார் மறைந்தார். இறுதி நாட்களில் அவர் அதைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாகாதா என்று பின்னர் ஏங்கினேன்.

1994-இல் வீட்டைப் பிரிக்க வேண்டியதாயிற்று. ஓடுகள் சரிந்துவிட்டன, மழைக்குத் தாங்காது. மரவாடிக்காரர் வந்து உத்தரங்களை அளந்தார். "ஆச்சா, சார். நூறு வருஷம் கண்ட மரம்" என்றார். என்னுள் ஏதோ அசைந்தது. அவரை ஒரு வாரம் கழித்து வரச்சொல்லிவிட்டு, அன்றிரவே நண்பனுக்கு எழுதினேன். நான்கே வரிகள். வீட்டைப் பிரிக்கிறோம், உத்தரமும் தூண்களும் ஆச்சா, நாயனத்திற்கு ஆகுமா என்று நீ வந்து பார்க்கவேண்டும். 75 ரூபாயைப் பற்றி அதிலும் எழுதவில்லை. பதினாறு ஆண்டுகளாக எழுத முடியாததை ஒரு மரத்துண்டின்மேல் ஏற்றி அனுப்பினேன் என்று சொல்லலாம்.

மறுமொழி வரவில்லை. எட்டாம் நாள் அவனே வந்து நின்றான். உடன் நரசிங்கம்பேட்டை ஆசாரி ஒருவர். முன்நெற்றியில் நரை, தோளில் அதே மாதிரித் துண்டு. நலம் விசாரிப்பதற்கு முன்பே இருவரும் உத்தரத்தின்மேல் விரல் முட்டியால் தட்டத் தொடங்கினார்கள். ஆசாரி தட்டுவார், அவன் காதை வைத்துக் கேட்பான். சிலவற்றை ஒதுக்கினர். ஓர் உத்தரத்தையும் திண்ணைத் தூண் ஒன்றையும் தேர்ந்தனர்.

அவன் விலையை எடுத்து நீட்டினான். நான் மறுத்தேன். அப்போது அவன் சொன்னான்: "ஊர்வலத்துக்கு வாசிக்காததற்கு எங்கள் அப்பா பணம் வாங்கவில்லை. மரத்தை எடுத்துக்கொண்டு நான் பணம் கொடாமல் போகலாமா?" மறந்துவிட்டான் என்று நான் நம்ப விரும்பியதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தோடு போயிற்று. நின்றவாறே எல்லாவற்றையும் கூறினேன். நான் அன்று செய்தது கணக்கில் சரியாயிருந்தாலும் முறையில் தவறு என்றேன்.

அவன் சற்று வியப்போடு என்னைப் பார்த்தான். "பணமா? அது அன்றைக்கே தீர்ந்துவிட்டது. நீ வந்து உட்காருவாய் என்று இலை போட்டிருந்தேனே. பரிமாறுகிறவர் இரண்டு முறை கேட்டார். வருவான் வருவான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதுதான்" என்றான்.

பதினாறு ஆண்டுகள் நான் தவறான இடத்தில் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். எண்ணக்கூடியது ஆகையால் பணத்தைப் பிடித்துக்கொண்டேன் போலும்.

பாகப்பிரிவினைக்கு வந்திருந்த தமக்கையார் இவ்வளவையும் உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசாமல், பாதிக் கூரை போன கூடத்தில் இரண்டு இலைகளை அடுத்தடுத்துப் போட்டார். ஆசாரிக்கும் எதிரில் ஓர் இலை. வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும்தான். மரத்தின் விலையில் 75 ரூபாயைக் கழித்துத்தான் வாங்குவேன் என்று நான் பிடிவாதம் செய்தேன். அவன் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டான்.

அம்மரத்தில் இரண்டு நாயனங்கள் கடைந்தார்கள். கடைசல் பட்டறையில் தந்தையாரின் தூண் எது, உத்தரம் எது என்று ஆசாரியிடம் கேட்டேன். சீவிய பிறகு எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த ஆண்டு எங்கள் ஊர்த் திருவிழாவிற்கு விடுப்பெடுத்துக்கொண்டு வந்து அவன் வாசித்தான். பேட்டரி விளக்குகள் வந்துவிட்டிருந்தன. கூட்டம் முன்போல் இல்லை. ஒத்துக்குப் பதில் சுருதிப் பெட்டி. ஆயினும் தெற்கு வீதியில் தோடி முக்கால் மணி நேரம் நின்றது. வீடு இருந்த இடம் வெறும் மனையாகக் கிடந்தது. அதன் எதிரே என் தாயார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பல்லவி தொடங்கும் நேரத்தில் தாளக்காரர் தேநீர் அருந்தப் போயிருந்தார். நண்பன் வாயிலிருந்து சீவாளியை எடுக்காமல், கண்ணால் தாளத்தைக் காட்டினான். எடுத்துக்கொண்டேன். மேலவீதி திரும்பும் வரை நானே போட்டேன். இரண்டிடங்களில் தவறினேன், தவில்காரர் முறைத்தார்.