அடுப்படிக்கு ஏது டியூட்டி ரோஸ்டர்?

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு "தொழிலாளர் குடும்பமும் அரசியலும்". பெரிய தலைப்பு. நான் அதை ஒரே ஒரு கேள்வியாகச் சுருக்கிக்கொள்கிறேன். நேற்று ராத்திரி உங்கள் வீட்டில் என்ன சாப்பாடு?

சிரிக்கிறீர்கள். சோற்றில் என்ன அரசியல் என்று நினைக்கிறீர்கள். சோற்றை விடப் பெரிய அரசியல் எது தோழர்களே?

உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அக்காவிடம் இதே கேள்வியைக் கேட்டேன். தேனி மாவட்டத்துக்காரர். விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி வந்து, பொழுது சாயும்போது இறங்குகிறவர். "காலையில மூணு மணிக்கு வடிச்ச சோறுதான் தம்பி ராத்திரிக்கும். போய் ஒரு ரசம் வைப்பேன். கருவாடு இருந்தா சுடுவேன்" என்றார். என்னோடு வந்த இளைஞர் ஒருவர் விவரம் புரியாமல், "சமைக்கும்போது மனசுக்கு அமைதியா இருக்குமாமே அக்கா, டிவியில சொல்றாங்களே" என்று கேட்டுவிட்டார். அக்கா கோபப்படவில்லை. "அமைதி எல்லாம் ஜீப்புல தூங்குறப்பதான் தம்பி. அடுப்புகிட்ட தூங்குனா சோறு தீஞ்சிரும்" என்றார்.

நான் இன்று சொல்ல வந்தது முழுவதும் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது.

நம் ஆட்களின் ராச்சோற்றை வரிசையாகப் பாருங்கள். மூணாறு லயத்தில் ரேஷன் அரிசிச் சோறு, பருப்பு அல்லது முட்டைக்கோஸ் பொரியல், கூடவே ஒரு கட்டஞ்சாயா. கஞ்சிக்கோட்டில் ஷிப்ட் முடித்து வரும் தம்பிமார்களுக்கு தட்டுக்கடையில் பொறோட்டாவும் சால்னாவும். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வயலுக்குப் போய் வருகிறவர்களுக்கு மத்தியானக் குழம்பைச் சூடாக்கிய சோறு. இதையெல்லாம் முடிவு செய்வது நம் நாக்கு அல்ல. எத்தனை மணிக்கு வேலை விட்டார்கள், கையில் எவ்வளவு கூலி, அடுப்புக்கு விறகா கேஸா, இந்த மூன்றும்தான் நம் தட்டில் என்ன விழும் என்பதை முடிவு செய்கின்றன.

அப்படியானால் சமையல் சுகமான வேலையே இல்லையா? உண்டு. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் கறிக்குழம்பு வைப்பேன். ரேடியோவில் பாட்டு ஓடும். மசாலா வாசனையில் மனசு லேசாகிவிடும். பிள்ளைகள், "அப்பா குழம்பு மாதிரி வராது" என்பார்கள். அது எனக்கு ஓய்வுதான். ஏன்? மனம் இருந்தால் செய்கிறேன், இல்லாவிட்டால் செய்வதில்லை. பாராட்டு எனக்கு, பாத்திரம் கழுவுவது என் மனைவி. வாரத்தில் மற்ற ஆறு நாளும் அவர் சமைக்கிறார். அதை யாரும் பாராட்டியதில்லை. உப்பு குறைந்தால் மட்டும் பேச்சு வரும். அடுப்பு ஒன்றுதான், குழம்பும் ஒன்றுதான். வேண்டாம் என்று சொல்ல முடிகிறவனுக்குச் சமையல் ஓய்வு. அப்படிச் சொல்ல முடியாதவளுக்கு அது இரண்டாவது ஷிப்ட்.

நான் ரயில்வே குமாஸ்தா. ரோஸ்டரோடு பழகியவன். எங்கள் இலாகாவில் வேலையை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். இடைவிடாத கடுமையான வேலைக்கு 'இன்டென்சிவ்' என்று பெயர், வாரத்துக்கு 42 மணி நேரம். அடுத்தது 'கன்டினியூவஸ்', 48 மணி நேரம். நடுநடுவே சும்மா இருக்க நேரம் கிடைக்கும் வேலை 'இன்டர்மிட்டன்ட்'. நேரக் கணக்குக்கே வராதது 'எக்ஸ்க்ளூடட்'. அடுப்படி வேலையை நாம் எதில் வைத்திருக்கிறோம்? "வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்" என்று சொல்லும்போது மூன்றாம் வகையில் வைக்கிறோம். உண்மையில் அது முதல் வகை. கணக்கு எழுதும்போது மட்டும் நான்காம் வகை.

வெளியூரில் வண்டியை விட்டு இறங்கும் டிரைவருக்கு ரன்னிங் ரூம் உண்டு. படுக்கக் கட்டில் உண்டு, சமைத்துப் போட ஆள் உண்டு. இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல அது. களைத்த மனிதன் சிக்னலைத் தாண்டிவிடுவான் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். 1974 மே மாதம் இருபது நாள் நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தில் 8 மணி நேர வேலையும் ஒரு கோரிக்கை. வேலை நேரத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்று எங்கள் பெரியவர்கள் சிறைக்குப் போனார்கள். அப்படிப் போனவர்களின் வீட்டில் அடுப்படிக்கு எல்லை உண்டா என்று அன்று யாரும் கேட்கவில்லை. இன்று கேட்போம்.

மத்திய அரசு எடுத்த கணக்கையே சொல்கிறேன். 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு ஒரு பெண் நாளொன்றுக்குக் கொடுக்கும் நேரம் 289 நிமிடம். ஆண் 88 நிமிடம். அந்த 88ஐப் பார்த்து ஆண்கள் மார்தட்ட வேண்டாம். வீட்டு வேலை செய்த ஆண்களை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி அது. 2019 கணக்கெடுப்பில் ஒரு நாளில் அப்படி வேலை செய்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர், பெண்கள் 81 பேர்.

சமைத்தவள் என்ன சாப்பிடுகிறாள்? எல்லோரும் எழுந்த பிறகு சட்டியில் மிஞ்சியதை. 2019-21 குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. கேரளத்தில் 36, தமிழ்நாட்டில் 53. ரத்தசோகைக்குக் காரணங்கள் பல. கடைசிப் பந்தியும் அதில் ஒன்று என்பதை நம் தாய்மார்களைப் பார்த்தாலே தெரியும்.

இனி, நம்மால் என்ன செய்ய முடியும் என்பதைப் பேசுவோம்.

2015 செப்டம்பரில் மூணாறில் பெம்பிளை ஒருமைச் சகோதரிகள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். 232 ரூபாய் தினக்கூலி, பாதியாகக் குறைத்த போனஸ். ஒன்பது நாள் அசையவில்லை. 20 சதவீதம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். அவர்கள் ரோட்டில் இருந்தபோது வீட்டு அடுப்பும் சும்மா இருந்திருக்க முடியாது. அடுப்படியை விட்டு வெளியே வர முடிந்தால்தான் ஒரு பெண் கொடி பிடிக்க முடியும்.

உலகத்தில் இதற்கு முன்னோடி உண்டு. ஐஸ்லாந்து என்று ஒரு குட்டி நாடு. 1975 அக்டோபர் 24 அன்று அந்த நாட்டுப் பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஆபீஸ் வேலையையும் அடுப்பு வேலையையும் ஒன்றாக நிறுத்தினார்கள். ஆண்கள் பிள்ளைகளை வேலைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சுலபமாக வேகவைக்கும் பண்டங்கள் கடைகளில் தீர்ந்துபோயின. ஒரே நாளில் நாட்டுக்கே விளங்கியது.

பொது அடுப்பு நமக்கும் புதிதல்ல. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவை விரிவாக்கினார். 2022இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் காலை உணவு வந்தது. இதே பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில், சத்துக்குறைவால் ஆதிவாசிக் குழந்தைகள் இறந்ததை 2013இல் நாடே பேசிய பிறகு, ஊர்தோறும் பொது அடுக்களை வைத்தார்கள். குடும்பஸ்ரீப் பெண்கள் 2020இலிருந்து ஜனகீய ஓட்டலில் 20 ரூபாய்க்குச் சாப்பாடு போட்டார்கள். 2023இல் அரசு மானியத்தை நிறுத்தியதும் அது 30 ரூபாயானது. மானியத்தைக் கேட்டு வாங்க ஆள் இல்லாவிட்டால் பொது அடுப்பு அணைந்துபோகும் என்பது இதில் உள்ள பாடம்.

சட்டமும் இருக்கிறது. 150 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் கேண்டீன் வைக்க 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வழி செய்தது. 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்துக்குள் அந்தச் சட்டம் கரைந்துவிட்டாலும் கேண்டீன் ஏற்பாடு அதிலும் உண்டு. வேலை விட்டுப் போகிறவர்கள் அடக்க விலைக்குக் குழம்பும் கூட்டும் வாங்கிப் போக அந்தக் கேண்டீனில் ஏன் வழி செய்யக் கூடாது? கோரிக்கைப் பட்டியலில் இதைச் சேருங்கள்.

பொது அடுப்பு என்றதும் ஒரு முணுமுணுப்பு எழும் என்பது எனக்குத் தெரியும். யார் கை சமைத்தது, எந்தச் சாதி? 1917இல் செறாயியில் சகோதரன் அய்யப்பன் மிச்ரபோஜனம் நடத்தினார். சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்துப் பெரியார் போராடியதும் ஒரு நூற்றாண்டுக் கதையாகிவிட்டது. அந்த முணுமுணுப்பு இந்தச் சங்கத்தில் எழக் கூடாது. எழுந்தால் வாசலிலேயே பதில் சொல்வோம்.

கடைசியாக, குற்றத்தை என் மேலேயே வைக்கிறேன். நம் கமிட்டிக் கூட்டம் எத்தனை மணிக்கு? சாயங்காலம் ஆறரைக்கு. அது உலை வைக்கும் நேரம். பத்து வருஷமாக, "பெண்கள் கூட்டத்துக்கு வருவதில்லை" என்று ரிப்போர்ட் எழுதியவன் நான். எழுதி முடித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்குப் போய், ரசம் ஆறிவிட்டது என்று முகம் சுளித்தவனும் நானே. என் மனைவி ஒருநாள் அமைதியாகச் சொன்னார்: "உங்க சங்கம் எட்டு மணி நேர வேலை கேக்குது. என் சங்கம் எது?" அன்று என்னிடம் பதில் இல்லை.

ஆகவே மூன்று விஷயங்களைத் தீர்மானமாக முன்வைக்கிறேன். ஒன்று, இனி கமிட்டிக் கூட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு. அன்று மத்தியானச் சாப்பாடு ஆண்கள் பொறுப்பு, பாத்திரமும் சேர்த்து. இரண்டு, ஒவ்வொரு கிளையிலும் ஒரு லயமோ ஒரு தெருவோ முன்வந்து, வாரத்தில் ஒரு ராத்திரி செலவைப் பங்கிட்டு ஒரே அடுப்பில் சமைத்துப் பார்க்கட்டும். கணக்கை நோட்டில் எழுதுவோம். மூன்று மாதம் கழித்து லாபமா நஷ்டமா என்று பேசுவோம். மூன்று, பையன்களுக்கும் சோறு வடிக்கக் கற்றுக்கொடுங்கள். நாளைக்குத் திருப்பூரிலோ துபாயிலோ தனி அறையில் இருக்கப்போகிறவர்கள் அவர்கள்தான்.

இன்று கூட்டம் முடிந்ததும் பின்பக்கம் சாம்பார் சாதம் இருக்கிறது. நாங்கள் ஐந்து ஆண்கள் விடியற்காலையிலிருந்து செய்தது. கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. குறை சொல்லாமல் சாப்பிடுங்கள். குறை சொன்னால் எப்படி இருக்கும் என்று எங்களுக்கும் தெரியட்டும் என்று நினைத்தால், தாராளமாகச் சொல்லுங்கள்.