பறவையும் உண்ணியும் புதர்க்காய்ச்சலும்



நமது மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்த தஞ்சோங் துவான் முனைக்கு, ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பருந்தினப் பறவைகள் சுமத்திராவிலிருந்து கடல் கடந்து வந்து சேர்கின்றன. அவற்றுக்குக் கடப்பிதழும் இல்லை. சுங்கச் சோதனையும் இல்லை. ஆதலின், அயல்நாட்டு நோய்களைப் பறவைகள் கொணருமோ என ஐயுறுவோர் உண்டு.

அந்த ஐயம் முற்றிலும் பொய்யன்று. ஆயினும் இதில் பெரும் பங்கு, தரையில் இரை பொறுக்கும் சிறு பறவைகளுக்கே. புல்நுனியில் காத்திருக்கும் உண்ணிக் குஞ்சு, பறவையின் கண்ணோரத்திலோ அலகோரத்திலோ ஒட்டிக்கொண்டு சில நாள் குருதி உறிஞ்சும். பின்னர் பறவை சென்றடைந்த இடத்தில் உதிரும். ஐரோப்பாவில் 'லைம்' நோய்க் கிருமி கொண்ட உண்ணிகள் இவ்வாறு பறவைகளோடு பயணம் செய்வதை ஆய்வாளர் கண்டுள்ளனர்.

நம் தோட்டங்களில் அஞ்சத்தக்கது வேறொன்று. அதுவே 'ஸ்கிரப் டைபஸ்' எனப்படும் புதர்க்காய்ச்சல். 1920ஆம் ஆண்டுகளில் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தார் இதனைச் செம்பனைத் தோட்டத் தொழிலாளரிடையே ஆராய்ந்தனர். இதைப் பரப்புவது உண்ணிக்கு உறவான, கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணியின் குஞ்சு. எலியே அதனைப் பெரிதும் சுமக்கிறது. தரைப்பறவைகளும் சுமந்து சென்று புதுப்புதரில் இறக்கிவிடுவதுண்டு. ஆனால், கிருமியின் உறைவிடம் பறவையன்று. தாய்ச் சிற்றுண்ணியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு அது வழிவழியாக இறங்குகிறது. பறவை வெறும் வண்டிதான். அதைக் கல்லெறிந்து விரட்டுவதால் காய்ச்சல் குறையாது. லாலான் புல் மண்டிய இடத்தில் உட்கார்ந்து பசியாறாமலும், வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றியும் வந்தால் குறையும்.

கடித்த இடம் வலிக்காது. இந்நோயின் சூது அதுவே. ஏறத்தாழப் பத்து நாள் கழித்துக் கடுங்காய்ச்சலும் தலைவலியும் தோன்றும். பலருக்கு அக்குளிலோ, இடுப்பிலோ, தொடை இடுக்கிலோ சுருட்டுச் சுட்டதுபோல் ஒரு கரும்பொருக்கு இருக்கும். மறைவிடத்துப் புண்ணைக் காட்ட நாணி, வெறுங் காய்ச்சல் மாத்திரையோடு லயத்துக்குத் திரும்புவோர் நம்மில் உண்டு. கவனியாது விட்டால் நுரையீரலும் மூளையும் தாக்குண்டு உயிருக்கே கேடாகும்.

இத்தனைக்கும் இது தீர்க்கக்கூடிய நோய். 1948இல் அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஸ்மேடல் குழுவினர் கோலாலம்பூரில் நம் ஆய்வுக் கழகத்தாருடன் சேர்ந்து, குளோரம்பெனிகால் மருந்தால் இந்நோயாளிகளைக் குணப்படுத்தினர். இன்று பெரும்பாலும் டாக்சிசைக்கிளின் தரப்படுகிறது. எனவே, மருந்தகத்துக்குச் செல்லும்போது எந்தக் காட்டில், எத்தனை நாள் முன்பு புல் வெட்டினீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பொருக்கு இருந்தால் காட்டுங்கள். காலத்தோடு மருந்து தொடங்கினால், பெரும்பாலோருக்கு இரண்டொரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.