பிரித்த குப்பையைக் கலப்பது யார்?

ஷிப்ட் முடித்து நேராக இங்கே வந்திருக்கும் தோழர்களே! இருங்காட்டுக்கோட்டையில் குப்பை பற்றிப் பேச்செடுத்தாலே, "நம்ம ஜனங்களுக்குப் பிரித்துப் போடும் பழக்கம் இல்லை" என்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எண்ணெய் துடைத்த துணிக்கு ஒரு தொட்டி, இரும்புச் சீவலுக்கு ஒரு தொட்டி, அட்டைப் பெட்டிக்கு ஒரு தொட்டி என்று ஷிப்ட் முழுக்கப் பிரித்துப் போடுவது உங்கள் கைகள்தானே? அதே கை லைன் வீட்டுக்கு வந்ததும் மீந்த சாம்பார்ச் சோறு, பால் கவர், ஷேவிங் பிளேடு எல்லாவற்றையும் ஒரே கேரி பையில் திணித்து முடிச்சுப் போடுகிறது. அந்த முடிச்சை மறுநாள் தூய்மைக் காவலர் அம்மா வெறுங்கையால் அவிழ்க்க வேண்டியிருக்கிறது. ஏன் இந்த மாற்றம்? கம்பெனியில் பிரித்த பொருள் பிரித்தபடியே கேட்டைத் தாண்டுகிறது, காயலான் கடைக்காரர் அதற்கு விலை கொடுக்கிறார். தெருவில் இரண்டு வாளியாகப் பிரித்துக் கொடுத்ததை ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டினால், அடுத்த வாரம் எந்த வீட்டில் பிரிப்பார்கள்? வண்டியில் கலப்பதை நிறுத்தாமல் வீட்டுக்கு வீடு நோட்டீஸ் கொடுப்பது வீண் வேலை.

"வடக்கேயிருந்து வந்தவர்கள் கேட்க மாட்டார்கள்" என்று இன்னொரு பேச்சு. சத்தீஸ்கரில் அம்பிகாபூர் என்றொரு ஊர். அங்கே சுயஉதவிக் குழுப் பெண்கள் வீடு வீடாகப் பிரித்த குப்பையை வாங்கி, கொட்டகையில் வைத்து மேலும் தரம் பிரித்து விற்கிறார்கள். பழைய குப்பைமேடு இன்று பூங்கா. அதுவும் வடக்குதான்! அந்த முறைக்கு வழிகாட்டியவர் நம் வேலூர் சீனிவாசன். ஆனால் இங்கே தங்கியிருக்கும் வெளிமாநிலப் பிள்ளைகள் பலருக்கு நம் வாக்காளர் பட்டியலில் பெயரில்லை. கிராம சபையில் கை தூக்கும் உரிமையும் இல்லை. வாடகை வாங்கும் வீட்டுக்காரருக்கு அந்த உரிமை உண்டு. பத்து அறைக்கு வாடகை வாங்குகிறவர் வாசலில் இரண்டு தொட்டி வைக்கட்டும், இந்தியிலும் எழுதி ஒட்டட்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய பாதி மக்கும் குப்பை. அதை ஊரிலேயே உரமாக்கினால் லாரி வாடகை குறையும். குழம்பில் நனையாத காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் விலை கிடைக்கும். இடம் வேண்டுமே என்பீர்கள். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் தொழிற்பேட்டைகளை உருவாக்குவோருக்கு ஒரு கடமை வைத்தன: பரப்பில் 5 சதவீதம், இல்லையென்றால் குறைந்தது 5 மனைகளோ கொட்டகைகளோ, மறுசுழற்சிக்கு ஒதுக்க வேண்டும். நம் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டை அதற்கு முன்பே வந்தது என்று அதை நடத்தும் அரசு நிறுவனமான சிப்காட் சொல்லலாம். பேட்டை பழையதாக இருக்கலாம். அதை நம்பி வந்தவர்களின் குப்பை தினமும் புதிதாகச் சேர்கிறதே! பக்கத்தில் இருப்பது சென்னை குடிக்கும் செம்பரம்பாக்கம் ஏரி. இந்தக் குப்பை அதில் போய்ச் சேரக் கூடாது. ஆகவே மே 1 கிராம சபையில், உங்களுக்கெல்லாம் லீவு நாளில், இரண்டு தீர்மானம் கேளுங்கள்: பிரித்த குப்பை கலக்காமலிருக்க நடுவில் தடுப்பு வைத்த வண்டி, மறுசுழற்சிக்கு சிப்காட்டுக்குள் ஒரு கொட்டகை.